கடித்தது குண்டையல்ல

1857-ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் போட்டித்தேர்வுக் கையேடுகளிலும் ஒரு வாக்கியம் சாகாவரம் பெற்று உலவுகிறது. பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய துப்பாக்கிக் குண்டுகளைப் பல்லால் கடிக்கச் சொன்னதால் சிப்பாய்கள் வெகுண்டெழுந்தனர் என்பதே அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் பள்ளியில் மனப்பாடம் செய்த அதே வாக்கியத்தை இன்று என் மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். இடையில் அதை எழுதியவர், அச்சிட்டவர், கற்பித்தவர், திருத்தியவர் எவருமே ஓர் எளிய கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை: ஈயக் குண்டை ஒருவன் ஏன் கடிக்க வேண்டும்? கடித்து என்ன செய்வான்?

கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். எந்தச் சிப்பாயும் குண்டைக் கடிக்கவில்லை. கடிக்கும்படி எவரும் ஆணையிடவுமில்லை. கடிக்கச் சொன்னது தோட்டாவின் காகித முனையை. குண்டு வேறு, தோட்டா வேறு. குண்டு என்பது பாய்ந்து செல்லும் உலோகம். தோட்டா என்பது அந்தக் குண்டையும் ஒருமுறை சுடுவதற்கு வேண்டிய வெடிமருந்தையும் ஒன்றாகச் சுருட்டிய பொட்டலம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால், ஒரு பெரும் வரலாற்று நிகழ்வின் காரண காரியத் தொடர் முழுவதையும் நாம் தொலைத்துவிட்டோம். அது தொலைந்த இடத்தில் 'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அடைத்துக்கொண்டோம்.

இது சொல்லாராய்ச்சிப் பிடிவாதம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்து, அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு என்னுடன் வரவேண்டும்.

ஈயத்தின் மென்மையிலிருந்து

சிப்பாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. அதற்குரிய உருண்டைக் குண்டு குழலின் விட்டத்தைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. ஆகவே வாய்வழியே போட்டால் தடையின்றி உள்ளே இறங்கும். ஆனால் வெளியே வரும்போதும் அது குழலின் சுவரில் முட்டி மோதித் தடுமாறித்தான் வரும். நூறு கெசத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிபார்த்து அடிப்பது அதனால் ஆகாத காரியம்.

குழலின் உட்சுவரில் சுருள்வரியாகப் பள்ளங்கள் வெட்டினால் குண்டு சுழன்றபடி செல்லும், குறி தப்பாது. ரைபிள் என்பது இதுதான். ஆனால் பள்ளத்தைப் பற்றிச் சுழல வேண்டுமானால் குண்டு குழலில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே தட்டித் தட்டி இறக்குவதற்குள் எதிரி வந்து சேர்ந்துவிடுவான். நெடுங்காலம் ரைபிள் வேட்டைக்காரர்களோடும் சிறு படைப்பிரிவுகளோடும் நின்றுபோனதற்கு இதுவே காரணம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஈயத்தின் மென்மை. 1840-களின் இறுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே உருவாக்கிய கூம்புக் குண்டின் அடிப்பகுதி குடைவாக இருந்தது. குழலைவிடச் சற்றுச் சிறியதாகையால் அது எளிதில் உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் வாயுவின் அழுத்தத்தில் அந்தக் குடைவின் மெல்லிய விளிம்பு விரிந்து, சுருள்வரிப் பள்ளங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். இதற்குக் கலப்பில்லாத மென் ஈயமே வேண்டும். 327 பாகை செல்சியசில் உருகி, அச்சின் வடிவை அப்படியே ஏற்கும் அதே உலோகம், குழலுக்குள் வெடிப்பின் வேகத்திலும் அப்படியே வளைந்துகொடுத்தது. கடினமான உலோகத்தால் இந்த வித்தை நடவாது.

பிரிட்டன் இந்த வழியில் செய்துகொண்டதுதான் 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள். அதன் குழல் .577 அங்குலம், தொடக்கத்தில் அதற்கு வழங்கிய குண்டு.568 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. சுமார் 34 கிராம் ஈயத்தை நாலரை கிராம் கருமருந்து பல நூறு கெசத் தொலைவுக்குக் குறி தவறாமல் கொண்டுசென்றது.

இங்கேதான் கொழுப்பு நுழைகிறது. கருமருந்து முழுவதும் எரிந்து புகையாகிவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி கரியும் உப்புமாகக் குழலின் உட்புறத்தில் படிந்துவிடும். பழைய மஸ்கட்டின் தாராளமான இடைவெளியில் இந்தக் கசடு பொருட்டல்ல. கால் மில்லிமீட்டர் இடைவெளியில் சில வேட்டுகளுக்குள்ளேயே அடுத்த குண்டு இறங்காது. கசடை இளக்கி, குண்டு வழுக்கி இறங்க ஒரு மசகு வேண்டும். அந்த மசகை, குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் வெளிப்புறத்தில் தடவினார்கள். இங்கிலாந்தில் கைக்கெட்டிய மசகு விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும். எந்த விலங்கின் கொழுப்பு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆக, தொடர் இதுதான்: தொலைவில் குறி தப்பாமல் சுட வேண்டும், அதற்குச் சுருள்வரி, சுருள்வரிக்கு விரியும் ஈயம், நெருக்கமான ஈயத்துக்கு மசகு, மசகுக்குக் கொழுப்பு. தோட்டாவைக் கடிப்பது சிப்பாய்க்குப் புதிதல்ல. பழைய மஸ்கட்டின் தோட்டாவையும் அவன் தந்தையும் பாட்டனும் கடித்துத்தான் கெட்டித்தார்கள். ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்க, மறுகை தோட்டாவைப் பிடித்திருக்க, அதைத் திறக்கப் பல்லைத் தவிர வேறு கருவி ஏது? புதிதாக வந்தது கடியல்ல, கொழுப்பு. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாத எந்த வரலாற்றுக் கட்டுரையும் வரலாற்றுக் கட்டுரை ஆகாது.

அறியாமை யாருடையது?

பொருளைச் சற்று அறிந்தவர்களிடம் வேறொரு வாதம் உண்டு. என்பீல்டு தோட்டாவில் கொழுப்புத் தடவியது குண்டு இருக்கும் முனையில். கடிக்கவேண்டியது மருந்து இருக்கும் மறுமுனையை. மருந்தைக் குழலில் கொட்டியபின் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, மசகு தடவிய முனையை உள்ளே செருகி, மிஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, இரும்புக்கோலால் குண்டை இறக்க வேண்டும். ஆகவே கொழுப்பு வாயில் படவே வாய்ப்பில்லை; சிப்பாய்கள் அறியாமையால் அஞ்சினார்கள் என்பது இவ்வாதம்.

தகவல் சரி, முடிவு தவறு. பத்துத் தோட்டாக்களை ஒரே கட்டாகக் கட்டி, வங்காள வெயிலில் ஒரு கோடைக்காலம் வைத்திருந்தால் கொழுப்பு எந்த முனையில் நிற்கும் என்பதை வெண்ணெய் உருக்கிய எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். மேலும் தீண்டலால் விலக்கு நேரும் என்று நம்பும் ஒருவனுக்கு, விரலில் பட்டால் போதும், நாவில் படவேண்டியதில்லை. அந்த நம்பிக்கையை நீங்களும் நானும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குள் நின்று பார்த்தால் அவனுடைய கணக்கில் பிழையில்லை.

அறியாமை என்று இழித்துரைப்போர் பாரக்பூரில் 1857 பிப்ரவரியில் நடந்த விசாரணையை அறிந்திருக்க வேண்டும். புதிய தோட்டாவின் தாள் பழைய தாளைப்போல் இல்லை, பளபளக்கிறது என்று அங்கே சிப்பாய்கள் சாட்சியம் அளித்தார்கள். அதை எரித்துப் பார்த்ததாகவும், கொழுப்பு உள்ளதுபோல் அது பொரிந்து எரிந்ததாகவும் சொன்னார்கள். ஐயம் எழுந்ததும் பொருளை எடுத்துச் சோதித்துப் பார்ப்பவனுக்கு மூடநம்பிக்கைக்காரன் என்று பெயரா? சோதனையின் முடிவு தவறாக இருக்கலாம். ஆனால் தாளை எரித்துப் பார்த்த அந்தச் சிப்பாய், குண்டைக் கடித்தார்கள் என்று எண்பதாவது முறையாகப் பெயர்த்தெழுதும் நம் கட்டுரையாளரைவிட அறிவியலுக்கு நெருங்கியவன்.

அறியாமை இருந்தது, ஆனால் அது மேலிடத்தில் இருந்தது. புதிய தோட்டாக்கள் இந்தியத் தட்பவெப்பத்தைத் தாங்குமா என்று பார்க்க 1853-இலேயே அனுப்பப்பட்டன. மசகில் சேர்ந்த பொருள் மத உணர்வைப் புண்படுத்தாது என்பது உறுதியாகும்வரை இந்தியப் படைகளுக்கு அவற்றைக் கொடுக்கலாகாது என்று வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கோப்பில் உறங்கியது. 1857 ஜனவரியில் செய்தி வெளிப்பட்டபின் அரசு அவசர அவசரமாக இறங்கிவந்தது: மசகிடாத தோட்டா வழங்கலாம், சிப்பாய்கள் தாங்களே தேன்மெழுகோ நெய்யோ தடவிக்கொள்ளலாம் என்றது. மார்ச்சு மாதத்தில் கடிப்பதற்குப் பதில் விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையையே மாற்றியது. குற்றமில்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள் என்று சிப்பாய் கேட்டான். நியாயமான கேள்வி.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. விலங்குக் கொழுப்பு காலப்போக்கில் ஈயத்தை அரிக்கும். வெப்பத்தில் உருகி வடிந்தும் போகும். தேன்மெழுகுக்கு இந்தக் குறைகள் இல்லை. 1859-இல் குண்டின் விட்டத்தை .55 அங்குலமாகக் குறைத்ததோடு, மசகிலும் கொழுப்பை ஒதுக்கித் தேன்மெழுகைப் பெரிதும் நம்பும் நிலைக்குப் பிரிட்டன் வந்துசேர்ந்தது. சாதியும் மதமும் கேட்ட மாற்றத்தைக் கடைசியில் உலோகமும் வெயிலும் கேட்டு வாங்கின. சிலர் முன்கூட்டி யோசித்திருந்தால் முதலிலேயே செய்திருக்கக்கூடிய மாற்றம் அது.

மீரட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். 1857 ஏப்ரல் 24 அன்று மூன்றாம் குதிரைப்படையின் 90 வீரர்கள் அணிவகுப்பில் நிறுத்தப்பட்டனர். அவர்களிடம் நீட்டப்பட்டது பழைய வகைத் தோட்டா. புதிய மசகு அதில் இல்லை. கடிக்கவும் வேண்டாம், விரலால் கிழித்தால் போதும் என்றே சொல்லப்பட்டது. ஆனாலும் 85 பேர் தொட மறுத்தனர். மே 9 அன்று, கூடியிருந்த படைகளின் கண்முன் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை மீரட் எரிந்தது. அதாவது, எழுச்சி வெடித்த இடத்தில் கொழுப்பும் இல்லை, கடியும் இல்லை. இருந்தது இறந்துபோன நம்பிக்கை; எல்லார் முன்னிலையிலும் இழைக்கப்பட்ட அவமானம். நமது அழியாத வாக்கியத்தில் இவை இரண்டுக்கும் இடமில்லை.

கையறிந்த உண்மை

இந்தச் செய்தி முதலில் எப்படி வெளிவந்தது? தம்தம் படைச்சாலையில் வேலைபார்த்த, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, பார்ப்பனச் சிப்பாய் ஒருவனிடம் அவனுடைய லோட்டாவிலிருந்து தண்ணீர் கேட்டான். சிப்பாய் சாதியைக் காட்டி மறுத்தான். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உனக்கு இனி என்ன சாதி என்று தொழிலாளி திருப்பிக் கேட்டான். 1857 ஜனவரியில் கேப்டன் ரைட் என்ற அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இடம்பெற்று வரலாற்று நூல்களுக்குள் வந்த நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் நம்மவர்கள் சிப்பாயின் அதிர்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தொழிலாளிமேல்தான் கண். படைச்சாலையில் என்ன நடக்கிறது என்பது ஆளுநர் மாளிகைக்குத் தெரியாது; துப்பாக்கியைச் சுமக்கும் சிப்பாய்க்கும் தெரியாது. காகிதமும் மருந்தும் ஈயமும் கொழுப்பும் புழங்கும் இடத்தில் உழைத்தவனுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் மறுக்கப்பட்டவன் சொன்ன அந்த ஒரு விடைக்குள் பொருளறிவும் இருக்கிறது, சாதியின் மேலான தீர்ப்பும் இருக்கிறது. அவன் பெயர் பெரும்பாலான நூல்களில் இல்லை. தோட்டா என்பது எப்படிச் செய்யப்பட்டது என்று அறியாமல் அவனுடைய விடையின் கூர்மையை அளக்க முடியாது. குண்டைக் கடித்தார்கள் என்று எழுதும்போது நாம் சிதைப்பது ஒரு தொழில்நுட்ப விவரத்தை மட்டுமல்ல. அந்தப் பெயரற்றவனின் அறிவையும் சேர்த்தே.

நம் கல்வியின் நோயும் இங்கேதான் வெளிப்படுகிறது. கையால் செய்பவனின் அறிவை அறிவென்று நாம் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டு மலையடிவாரங்களில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த முதியவரைக் கேட்டால், 'மருந்து கெட்டிப்பது' என்றால் என்ன, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே தேங்காய் நாரை ஏன் திணிக்கவேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் விளக்குவார். 'கெட்டித்தல்' என்ற அருமையான வினைச்சொல் அவரிடம் உயிரோடு இருக்கிறது. நமது மொழிபெயர்ப்பாளரோ 'துப்பாக்கியில் குண்டை நிரப்பினான்' என்று எழுதுவார், குடத்தில் தண்ணீர் நிரப்புவதைப்போல.

அம்பு, கணை, பகழி, வாளி, கோல் என்று ஒரு பாய்பொருளுக்கு இத்தனை சொற்கள் வைத்திருந்த மொழி இது. மனிதன் செய்த பொருள்களுக்கென்றே 'செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி' என ஒரு தொகுதியை ஒதுக்கியது திவாகர நிகண்டு. ஓர் அதிகாரத்துக்கே 'பொருள்' என்று பெயரிட்ட இலக்கண மரபு நம்முடையது. அங்கே பொருள் என்றால் வெறும் சடப்பொருள் அல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் பறையும் யாழும் தொழிலும் உணவும் கருப்பொருளாக இல்லாமல் அகம் பேச முடியாது என்று கண்டவர்கள் அவர்கள். நமக்கோ உணர்ச்சி மட்டும் போதும். கருப்பொருளை அகராதிக்காரர் பார்த்துக்கொள்வார்.

இலக்கியக்காரனுக்கு இது எதற்கு?

ஆயுதத்தைப் பற்றி இத்தனை நுணுக்கமாகப் பேசுவது ஆயுத மோகம் ஆகாதா என்ற கேள்வி வரும். அதற்கு விடை சொல்லாமல் நழுவ விரும்பவில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் சிலர் இந்தப் பழைய ரைபிள்களுக்கு ஈயம் உருக்கி வார்த்து, காகிதம் சுருட்டி, தேன்மெழுகு தோய்த்துத் தோட்டா செய்து சுடுகிறார்கள். அவர்களுடைய பொழுதுபோக்கு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் கசடு படிந்த குழலில் குண்டு எப்படி மறுக்கும், வெயிலில் மசகு எங்கே வடியும் என்பதைச் செய்து பார்த்து அறிந்தவர்கள் அவர்கள். மேசையில் அமர்ந்து 1857-ஐப் பற்றித் தீர்ப்பளிப்பவர்களுக்கு இல்லாத ஓர் அடக்கத்தைப் பொருள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்த அடக்கம்தான் எனக்கு வேண்டும், துப்பாக்கி வேண்டியதில்லை.

மாறாக, ஆயுதத்தைப் பற்றி மேலோட்டமாகப் பேசுவதே அதன் கொடுமையை மறைக்கிறது. குழலுக்குள் வளைந்துகொடுத்த அதே மென் ஈயம் மனித எலும்பில் பட்டதும் தட்டையாகி விரிந்து எலும்பை நொறுக்கியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அத்தனை கைகால்கள் வெட்டி எடுக்கப்பட்டதற்கு இது முதன்மையான காரணம். தோட்டாச் செய்தி கிளம்பிய அதே தம்தம் படைச்சாலையில்தான் 1890-களில் முனையில் ஈயம் வெளித்தெரியும்படி செய்த விரிகுண்டும் உருவாயிற்று. 1899-இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டைத் தடைசெய்யும் பிரகடனத்தை வெளியிட்டது. ஈயம் மென்மையானது என்று அறியாதவனுக்கு இந்தக் கொடுமையின் வடிவம் புலப்படாது.

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. என்பீல்டு ரைபிளை ஏந்திக்கொண்டு சென்னையிலிருந்து வடக்கே போனது, நீல் தலைமையிலான மதராஸ் பியூசிலியர்ஸ் என்ற வெள்ளையர் படை. வாய் பற்றிய அச்சம் வெறும் மூடநம்பிக்கை என்று சொல்பவர்கள், கான்பூரில் 1857 ஜூலையில் அந்த நீல் இட்ட ஆணையை நினைத்துக்கொள்ளட்டும்: தூக்கிலிடுமுன் கைதிகளைத் தரையில் உறைந்திருந்த இரத்தத்தை நாவால் நக்க வைத்தான். சிப்பாயின் வாய் அவனுக்கு எத்தகையது என்பதை ஆண்டவன் துல்லியமாக அறிந்திருந்தான். அறிந்தே அதைத் தண்டனைக் கருவியாக்கினான். அவனுக்குச் சென்னை மவுண்ட் சாலையில் சிலை வைத்தார்கள். 1927-இல் அதை அகற்றக் கோரிப் போராடிச் சிறை சென்றவர்கள் தமிழர்கள். 1937-இல் இராஜாஜி ஆட்சியில்தான் சிலை இடம்பெயர்ந்தது. 1857-க்கும் அரை நூற்றாண்டு முன்னதாக, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் வெடித்த எழுச்சிக்கும் ஒரு பொருள் காரணமாயிற்று: புதிய தலைப்பாகையில் செருகிய தோல் பட்டம். அங்கே தலை, இங்கே வாய். வேலூரில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை மேலிடம் ஐம்பது ஆண்டுகளில் மறந்தது. நாம் இரண்டையும் ஒரே 'மத உணர்வு' என்ற சொல்லில் கட்டி மூலையில் போட்டுவிட்டோம்.

எழுச்சி ஒடுங்கியபின் அரசு செய்த ஒரு செயல், பொருள்மொழியில் எழுதப்பட்ட தீர்ப்பு எனலாம். இந்தியச் சிப்பாய்களுக்கென்று, பார்வைக்கு என்பீல்டைப் போலவே இருந்து, குழலுக்குள் சுருள்வரி மட்டும் இல்லாத துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தார்கள். வெளியே ஒரே தோற்றம், உள்ளே வழுவழுப்பு. இனி உன் குறி தொலைவுக்கு எட்டக்கூடாது என்பதே அதன் பொருள். 1858 நவம்பரில் அரசியாரின் பிரகடனம் இனிய சொற்களில் என்னென்னவோ வாக்களித்தது. பிரகடனத்தைப் படித்தவர்கள் நம்மிடையே பலர். அந்தக் குழலுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. பாடநூல் எழுதுவோர் அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தட்டும்: 'விலங்குக் கொழுப்புத் தடவியதாக ஐயுற்ற தோட்டாக்களின் காகித உறையைப் பல்லால் கிழிக்கச் சொன்னதை எதிர்த்தனர்' என்று எழுதினால் இடம் ஒன்றும் அடைபட்டுவிடாது. புனைகதை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஒரு பொருளின் பெயரை எழுதுமுன் அதைச் செய்பவனிடமோ கையாள்பவனிடமோ ஒருமுறை கேட்கட்டும். தமிழாசிரியராகிய நாம் வகுப்பறையில் 'இது எப்படி வேலை செய்கிறது?' என்ற கேள்வியை அறிவியல் துறைக்கு அனுப்பிவைக்காமல் நாமே எழுப்புவோம். அடுத்தமுறை ஒரு மாணவன் குண்டைக் கடித்தார்கள் என்று எழுதினால், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். காகிதத்தில் சிறிது மணலையும் ஒரு கூழாங்கல்லையும் சுருட்டி அவன் கையில் கொடுத்து, மற்றொரு கையில் ஒரு கோலையும் பிடிக்கச் சொல்லி, இதைத் திறந்து காட்டு என்று கேளுங்கள். பொட்டலத்தை அவன் தானாகவே வாய்க்குக் கொண்டுபோவான்.